செண்பகத்துக்குப் போயிட்டு வரேன்

அழைப்பிதழின் ப்ரூஃபை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஜமால் தலையைச் சொறிந்தார். நாள், நேரம், ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. பாராட்டப்படுகிறவரின் படம்தான் தப்பு என்று பாராட்டப்படுகிறவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

“செண்பகம் படத்தை எடுத்துட்டு என் படத்தைப் போடு, ஜமால்.”

“அண்ணே, ரெண்டும் நீங்கதானே?”

“பேரையும் எடுத்துடு. திரு. ரெங்கராஜ். அது போதும்.”

“ரெங்கராஜுன்னா இந்த ஊர்ல யாருக்குண்ணே தெரியும்? உங்க வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடறவனுக்குத் தெரியும். வேற?”

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த சித்ராதேவி, “கேஸ் போடறவனும் செண்பகம் வீடு எதுன்னு கேட்டுட்டுத்தான் வர்றான்,” என்றார். ரெங்கராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கைலாசபுரம் டவுன்ஷிப்பில் அந்த வீட்டை எல்லோரும் அப்படித்தான் கேட்டு வருவார்கள். ரெங்கராஜ் அங்குள்ள பெரிய தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் ரேஷ்மா அதே தொழிற்சாலையில் என்ஜினியர். குவார்ட்டர்ஸ் இப்போது அவள் பெயரில் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் டவுன்ஷிப் பொங்கல் விழா நாடகத்தில் பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்காதபோது, மீசையை எடுக்கச் சம்மதித்த ஒரே ஆள் என்ற தகுதியில் ரெங்கராஜ் சேலை கட்டினார். அந்த நாடகம் என்ன கதை என்று இன்று யாருக்கும் நினைவில்லை. அதில் தொழிலாளி மனைவியாக வந்த செண்பகத்தை மட்டும் ஜனங்கள் மேடையை விட்டு இறங்கவிடவில்லை.

“எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஷிஃப்ட்டுதாங்க. எனக்கு மூணு ஷிஃப்ட்டும் உண்டு. ஆனா பாருங்க, பென்ஷன் மட்டும் அவருக்குத்தான் வருமாம்” என்று அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்பாள். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்கு வந்து அங்கே குடியேறிய குடும்பங்களின் பெண்கள் உடனே சிரிப்பார்கள். ஆண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள். பெண் வேடம் போடுகிறவர்கள் வழக்கமாகச் சிரிப்பு வாங்க நம்புகிற நடையையும் குலுக்கலையும் ரெங்கராஜ் நம்பவில்லை. செண்பகம் எல்லாவற்றையும் வாயால்தான் சம்பாதித்தாள்.

ஜமால் உள்ளூர் கேபிள் சேனல் தொடங்கியபோது அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். ‘செண்பகம் வீட்டு வாசல்’ என்று நிகழ்ச்சிக்குப் பெயர். ஒரு கோலம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, டபராவில் காபி. கவுன்சிலர், டாக்டர், காண்ட்ராக்டர், அதிகாரி என்று வாரம் ஒருவர் வந்து உட்கார்ந்து அவளிடம் மாட்டிக்கொள்வார். அந்த நிகழ்ச்சிக்காகவும், அதிலிருந்து கிளம்பிய வேறொரு வேலைக்காகவும்தான் இப்போது ஊர்க்காரர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறார்கள். அந்த விழாவுக்குத்தான் செண்பகம் வரக் கூடாது என்கிறார் ரெங்கராஜ்.

காரணம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரேஷ்மாவோடு வேலை பார்க்கும் ஜகன்னாத்தும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா வத்ஸலா, ஓய்வு பெற்ற டீச்சர், ஸ்ரீரங்கத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் இருக்கிறார். மகன் விஷயத்தைச் சொன்னபோது அவர் அதிகம் பேசவில்லை. “அவா வேற, நாம வேற. அதை எப்படியோ மனசைத் தேத்திப்பேன். ஆனா பொண்ணோட அப்பா புடவை கட்டிண்டு டி.வி.ல வராராமே, அதை என்னால ஜீரணிக்க முடியலைடா” என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விழாவுக்கு வந்து அந்த மனிதரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வதாகச் சொல்லியிருந்தார். மேற்கொண்டு வம்பு வேண்டாம் என்று ஜகன்னாத் செண்பகத்தின் பெயரைக்கூட வீட்டில் எடுக்காமல் இருந்தான்.

“அப்பா, உங்களை யாரு மாறச் சொன்னா?” என்று ரேஷ்மா கோபப்பட்டாள். “ஜகன் சொன்னானா? நான் சொன்னேனா?”

“யாரும் சொல்லலம்மா. ஒரு நாள் வேட்டி சட்டையில வந்தா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?”

“செண்பகம் தேஞ்சு போவா.”

ரெங்கராஜ் ப்ரூஃபை ஜமால் பக்கம் தள்ளினார். ஜமால் ப்ரூஃபைச் சுருட்டிக்கொண்டு போனார். புது அழைப்பிதழில் திரு. ரெங்கராஜ் மட்டும் இருந்தார். ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போனது அதுதான்.

*

அந்த வேறொரு வேலை என்னவென்று சொல்ல வேண்டும்.

முசிறி சாலையில் வாழை மண்டிகளை ஒட்டி ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருவிழாவில் நிகழ்ச்சி முடித்து, வேஷத்தைக் கலைக்க இடம் கிடைக்காமல், ரெங்கராஜ் ஒரு தடவை சேலையோடு அங்கே பஸ்ஸுக்கு நின்றார். சிறுநீர் அவசரமாக வந்தது. ஆண்கள் ஒதுங்கும் சுவர்ப் பக்கம் போனபோது விசில் பறந்தது. பெண்களுக்கென்று அங்கே சுவர்கூட இல்லை. இலைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த வீராயி என்கிற வியாபாரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு நீ? ஆம்பளையா, பொம்பளையா?”

“அதெல்லாம் அப்புறம் சொல்றேங்க்கா. அவசரம்.”

வீராயி சிரித்துவிட்டார். எழுந்து, இலைக்கட்டுகளை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பெண்கள் ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். திரும்பி வந்தபோது வீராயி சாதாரணமாகச் சொன்னார்: “உனக்கு இன்னிக்கு ஒரு நாளுப்பா. எங்களுக்குத் தினம் இதான். அதனாலதான் இந்த மண்டியில எவளும் பொழுது சாயற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல.”

அடுத்த வாரம் நிகழ்ச்சியின் முடிவில், விருந்தாளி எழுந்துகொள்ளப் பார்க்கும்போது செண்பகம் கேட்டாள்: “எல்லாம் சரிங்க. இப்ப நான் மண்டி ஸ்டாப்புல நிக்கறேன். அவசரம். எங்க போறது?” அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். செண்பகம் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். கேமராவை நிறுத்த வேண்டாம் என்று ஜமால் சொல்லியிருந்ததால் அதுவும் காத்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், யார் வந்தாலும், கடைசிக் கேள்வி அதுதான். விருந்தாளிகள் அந்தக் கேள்விக்குப் படித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். சிலர் வராமல் இருக்கத் தொடங்கினார்கள். கழிப்பறை கட்டித் தருகிறோம் என்று பேச்சு வந்தபின் கேள்வி மாறியது. “கதவு உண்டா? தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?” அது வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. ஒரு காண்ட்ராக்டர் நிஜமாகவே வெளிப்பக்கம் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ரெங்கராஜ் வேட்டி சட்டையில் மனு கொடுக்கப் போன நாட்கள் அதிகம். யாருக்கும் தெரியாத ரெங்கராஜ் அங்கெல்லாம் பொறுமையாக நின்றார்.

கட்டடம் வந்தது. தண்ணீர், விளக்கு, பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள், உள்பக்கம் தாழ்ப்பாள். பிறகு வேறு நிறுத்தங்களிலும் வந்தது. வாசலில் ஏதோ திட்டத்தின் நீளமான பெயர் எழுதிய பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. மண்டிப் பெண்கள் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரியிடம் பையை விட்டுவிட்டு, “செண்பகத்துக்குப் போயிட்டு வரேன்டி” என்பார்கள். அது மெதுவாக பஸ்ஸுக்குள்ளும் ஏறியது. “செண்பகம் போறவங்க சீக்கிரம் போயிட்டு வாங்கம்மா, வண்டி கிளம்புது!” என்று கண்டக்டர்கள் குரல் கொடுத்தார்கள்.

இதைக் கேள்விப்பட்ட அன்று சித்ராதேவிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. “அவனவன் பேர்ல தெரு இருக்கு, பார்க் இருக்கு. உங்க பேர்ல இதுவா?”

“தெருவுல பேரு போட்டவனுக்கு அதுல யாரு போறாங்கன்னு தெரியாது, சித்ரா. எனக்குத் தெரியும்.”

அப்படிச் சொன்னவர்தான் இப்போது மகளுக்காக அந்தச் சொல்லை ஸ்ரீரங்கத்தின் காதில் விழாமல் காப்பாற்றப் பார்த்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில், இலை ஏற்றும் வண்டியிலேயே மண்டிப் பெண்கள் வந்து இறங்கினார்கள். நன்றி என்கிற சொல் அவர்கள் பேச்சில் கிடையாது. பூவன் தார்களையும் பந்திக்கு வேண்டிய தலைவாழை இலைகளையும் இறக்கி வைத்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ரெங்கராஜ் கைகூப்பி நின்றார்.

“யாருடி இது, எலெக்‌ஷன்ல நிக்கறவரா?” என்றார் ஒரு பெண்.

“செண்பகத்தோட வீட்டுக்காரரு போலருக்கு,” என்ற மாரியாயி, ரெங்கராஜையே கேட்டார்: “அவங்க உள்ள இருக்காங்களாங்க?”

“இன்னிக்கு அவங்க வரலம்மா,” என்றார் ரெங்கராஜ்.

அவர் முகம் தெரிந்த வீராயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஜமால் வீராயியைத் தனியாக அழைத்துப் போனார். “அக்கா, நீங்களும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். ஆனா அந்தப் பேச்சு மட்டும் வேணாம். கக்கூஸு, செண்பகத்துக்குப் போறது, அதெல்லாம். சம்பந்தம் பேசற இடம், புரியுதா?”

“அப்ப எதுக்குய்யா என்னைப் பேசக் கூப்ட்ட?”

வத்ஸலா மகனோடு வந்தார். சித்ராதேவி சந்தனமும் குங்குமமும் நீட்டினார். “விழா நன்னா நடக்கட்டும்” என்று சொல்லி வத்ஸலா எடுத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, தேர்வு நடக்கும் அறையில் இருப்பதுபோல மேடையையே பார்த்தார்.

மேடையில் பெரியவர்கள் பேசினார்கள். கலைச்சேவை என்றார்கள், சமூகத் தொண்டு என்றார்கள், மண்ணின் மைந்தர் என்றார்கள். ஜமால் கேட்டுக்கொண்டபடி எல்லோரும் ஜாக்கிரதையாகப் பேசியதில், ரெங்கராஜ் எதற்காகப் பாராட்டப்படுகிறார் என்பதே தெரியாமல் போனது. பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் மரியாதையாக இருந்தது. கூட்டத்தில் பலர் பக்கவாட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் அங்கிருந்து வருவாள் என்று இன்னும் நம்பினார்கள்.

அப்புறம் வீராயி மைக்கின் முன்னால் வந்து நின்றார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ன பேசக் கூடாதுன்னு ஜமால் தம்பி சொல்லிக் குடுத்துச்சு. என்ன பேசணும்னு சொல்லல.” சிரிப்பு எழுந்தது. “இவ்வளவு நேரம் சேவை சேவைன்னு சொன்னாங்க. எனக்கு அது தெரியாது. தெரிஞ்சதைச் சொல்றேன். நான் இப்பல்லாம் காலையில ஒரு சொம்புத் தண்ணி குடிக்கறேன். மத்தியானம் மோர் குடிக்கறேன். வெயில் காலத்துல சர்பத்துகூடக் குடிக்கறேன்.”

கூட்டம் அடங்கியது.

“முன்ன குடிக்க மாட்டேன். குடிச்சா போவணுமே, எங்க போறது? கருவைச் சுமந்தப்பவும் குடிக்காமத்தான் எலை வித்தேன். இப்ப அந்தப் பயமில்ல. பக்கத்துல இருக்கறவ கிட்ட எலைக்கட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டு, செண்பகத்துக்குப் போயிட்டு வரேன்டின்னு எந்திரிச்சுப் போறேன். ராணி மாதிரிப் போறேன். ஜமால் தம்பி, கோவிச்சுக்காத. சேவைன்னா எனக்கு அதான்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின் வரிசைகளில் விசில் அடித்தார்கள். ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மேடை ஓரத்தில் நின்ற ரேஷ்மா இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். வத்ஸலா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

“வீராயி! எந்தச் செண்பகம்? நம்ம மண்டி ஸ்டாப்புல இருக்கே, அதுவா?”

வீராயி விளக்கு வெளிச்சத்துக்குக் கையால் மறைப்புக் கொடுத்துப் பார்த்தார். “யாரு அது? அட, நம்ம டீச்சரம்மா! நீங்க எங்க இங்க?”

என்ன செய்வதென்று தெரியாமல் ஜமால் இன்னொரு மைக்கைக் கொண்டுபோய் வத்ஸலாவிடம் கொடுத்தார். அவர் அதை வகுப்பில் சாக்பீஸ் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

“எங்காத்துல கேபிள் கிடையாது. அதனால எனக்கு ஒண்ணும் தெரியலை. முசிறிப் பக்கம் கிராமத்து ஸ்கூல்லதான் நான் ரொம்ப நாள் வேலை பாத்தேன். மண்டி ஸ்டாப்புல இறங்கி உள்ள போற பஸ்ஸுக்குக் காத்துண்டிருக்கணும். கார்த்தால காபி குடிச்சா குடிச்சது. ஆத்துக்குத் திரும்பற வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தீர்த்தம் விட்டுக்க மாட்டேன். நீர்க்கடுப்பு வந்து துடிச்சிருக்கேன். டாக்டர் நிறையத் தண்ணி குடிங்கோம்பார். எங்க போறதுன்னு அவரும் சொல்லலை.”

மேடையில் வீராயி தலையை ஆட்டினார்.

“அப்புறம் அந்தக் கட்டடம் வந்தது. நானும் இவா சொல்ற மாதிரியே, ‘பையைப் பாத்துக்கோ வீராயி, செண்பகத்துக்குப் போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுப் போவேன். செண்பகம்னா யாருன்னு கேக்கத் தோணலை. யாரோ ஒரு புண்ணியவதி, சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வெச்சுட்டு ஆசார்யன் திருவடி அடைஞ்சிருப்பான்னு நானே நினைச்சுண்டுட்டேன்.”

“என்னா அடைஞ்சாங்களாம்?” என்றார் மாரியாயி.

“செத்துட்டாங்கன்னு நெனச்சாங்களாம்டி,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வத்ஸலாவும் சிரித்துவிட்டார். பிறகு குரல் இறங்கியது. “தாயார் சன்னதியில சேவிக்கறச்சே எங்காத்து மனுஷா பேரெல்லாம் சொல்லுவேன். கடைசியில, செண்பகத்தம்மாளுக்கும் நல்ல கதி குடு தாயேன்னு ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆனப்புறமும் அதை விடலை. முந்தாநாள்கூடச் சொன்னேன்.” மகனிடம் திரும்பினார். “ஏண்டா, பேரைச் சொல்லியிருக்கப்படாதோ?”

“சொன்னா கோவிச்சுப்பேன்னு நினைச்சேம்மா,” என்றான் ஜகன்னாத்.

ரெங்கராஜ் எழுந்து கைகூப்பினார். “அம்மா, நான்தாங்க அது.”

“நீங்க ரெங்கராஜ். பத்திரிகையில அப்படித்தான் போட்டிருக்கு. நான் யாருக்காக வேண்டிண்டேனோ அவாளை எனக்குப் பாக்கணும்.”

ரெங்கராஜ் மனைவியைப் பார்த்தார். “அதான் கேக்கறாங்கல்ல, போங்க,” என்றார் சித்ராதேவி.

மேடையில் சேலை இல்லை, சவுரி இல்லை, பொட்டுகூட இல்லை. ரெங்கராஜ் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து உதறினார். இடது தோளில் முந்தானையாகப் போட்டு, நுனியைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகினார். கையை இடுப்பில் வைத்து மைக்கின் முன் வந்தபோது வெள்ளைச் சட்டையை யாரும் பார்க்கவில்லை. குரல் வந்தது.

“வாங்க டீச்சர். நல்ல கதி குடுன்னு வேண்டிக்கிட்டீங்களாமே, அதான் நேரா ஸ்ரீரங்கத்துக்கே வந்துட்டேன்.”

பின் வரிசைகள் எழுந்து நின்றன. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. செண்பகம் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். தாழ்ப்பாள் சரியா விழுந்துச்சுங்களா?”

வத்ஸலா அந்தக் கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்து, மாணவியின் விடைத்தாளைத் திருத்துகிறவர்போலச் சொன்னார்: “விழும். ரெண்டாவது கதவு மட்டும் இழுக்கும். கொஞ்சம் தூக்கிப் போடணும்.”

“ஆமா, தூக்கித்தான் போடணும்!” என்றார்கள் மண்டிப் பெண்கள் ஒரே குரலில்.

இதற்குச் செண்பகம் ஏதாவது சொல்வாள் என்று கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. எந்த விருந்தாளிக்கும் சளைக்காதவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கே பாத்துடறேங்க” என்று மட்டும் சொன்னார். அது ரெங்கராஜின் குரலாக இருந்தது.

*

பந்தியில் வத்ஸலாவின் பக்கத்தில் சித்ராதேவி உட்கார்ந்தார். பொன்னாடையை இன்னும் அவிழ்க்காத ரெங்கராஜ், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எதிரில் நின்றார். சாம்பார் சாதம் முடியும்வரை வத்ஸலா சமையலைப் பற்றித்தான் பேசினார்.

“ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் பிறகு. “மத்த கவலையெல்லாம் எனக்கு இன்னும் இருக்கு. உங்க வழக்கம் வேற, எங்க வழக்கம் வேற. அதையெல்லாம் உக்காந்து பேசணும்; ஒரே நாள்ல தீராது. ஆனா இந்த ஒரு கவலை போயிடுத்து. ஆடி கழியட்டும். ஆவணியில நல்ல நாளாப் பாருங்கோ.”

சித்ராதேவி கையைத் தூக்கவும் முடியாமல், இலையில் வைக்கவும் முடியாமல் அப்படியே இருந்தார். தூரத்தில் மோர்ப் பானையோடு நின்ற ரேஷ்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“கல்யாணத்துக்கு யார் வருவா?” என்று வத்ஸலா நிமிர்ந்து கேட்டார். “இவரா, அவாளா?”

“தாரை வாக்கறதுக்கு ரெங்கராஜ் வருவாருங்க,” என்றார் ரெங்கராஜ்.

“சம்பந்தி சண்டை போடறதுக்குச் செண்பகம் வருவா,” என்றார் சித்ராதேவி. “எனக்கு அவ்வளவு வாய் கிடையாதுங்க.”

“வரட்டும், வரட்டும். நானும் டீச்சரா இருந்தவதான்,” என்று சொல்லிவிட்டு, வத்ஸலா இலையில் சாதத்தைக் கூட்டி ரசத்துக்குக் குழி செய்தார்.